பனிக்கு முந்திய பங்கு

ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் கூதிரை அடுத்து முன்பனி, பின்பனி என்று பெயர் சூட்டினார்கள். அவர்கள் கண்ட பனி புல் நுனியிலே நின்று வெயில் ஏற மறைந்துபோகும் பனி. செடியின் உள்ளே ஓடும் நீரையே உறையவைத்து, விடிவதற்குள் ஒரு தோட்டத்தைக் கருக்கிவிடும் பனிக்கு அந்த வகுப்பிலே இடமில்லை. நுவரெலியாவில் துகள்பனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகும்போதுதான் அதன் சாயலை நாம் காண்கிறோம். அமெரிக்காவின் வடகிழக்கே, மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பேர்க்ஷயர் மலைப்பகுதியிலோ அது தவறாது வரும். செப்ரெம்பர் இறுதியிலோ ஒக்ரோபரிலோ ஓரிரவில் வந்து தக்காளியையும் போஞ்சியையும் முடித்துவிட்டுப் போகும்.

அந்த மண்ணிலே, சவுத் எக்ரெமொன்ற் என்ற சிற்றூரில், றொபின் வான் என் என்ற பெண்மணி 1983இல் இந்தியன் லைன் என்னும் பண்ணையை வாங்கினார். இரண்டு ஆண்டுகளில் அவருக்கு ஒன்று புரிந்தது. விதை வாங்கவும் உழவும் பணம் வேண்டியது இளவேனிலில். கையிற் காசு வருவது அறுவடையில். இடைப்பட்ட மாதங்களின் கடனும் கவலையும், பனி முந்தி வந்தால் நேரும் இழப்பும், கமக்காரனின் தலையில் மட்டுமே விழுகின்றன. அவனுடைய மரக்கறியை உண்பவர்கள் அதில் ஒரு துளியையும் சுமப்பதில்லை.

1985இல் ஜான் வாண்டர் ருயின் என்பவர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்து அவரைச் சந்தித்தார். சூரிச் நகருக்கு அண்மையில், உண்பவர்களே பண்ணைச் செலவை முற்பணமாகக் கொடுக்கும் தோட்டம் ஒன்றில் உழைத்தவர் அவர். வான் என்னின் மனதில் இருந்த கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது. மரக்கறிக்கு விலை கேட்காதே; பண்ணையின் ஓராண்டுச் செலவைக் கணக்கிடு; அதைக் குடும்பங்களுக்குப் பங்காகப் பிரி. விளைந்தால் எல்லாருக்கும் விளைச்சல். பொய்த்தால் எல்லாருக்கும் நட்டம்.

அவர்கள் தொடங்கியது மரக்கறியோடு அல்ல, அப்பிளோடு. இதை நான் மிகவும் ரசிக்கிறேன். புதிய தோட்டம் போட அந்த ஆண்டில் நேரமில்லை. ஆனால் மரங்கள் ஏற்கெனவே காய்த்து நின்றன. 1985ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் முப்பது பங்குகள் விற்கப்பட்டன. பங்காளிகளுக்குப் பழமும் பழச்சாறும் வினாகிரியும் கிடைத்தன. முன்பணம் கொடுக்க அயலவர்கள் முன்வருவார்களா என்ற ஐயம் குளிர் தொடங்குமுன் தீர்ந்தது. 1986இல் மரக்கறித் தோட்டம் எழுந்தது.

அமெரிக்க நூல்கள் பல இதனையே தொடக்கம் என்கின்றன. அது முழு உண்மையன்று. அலபாமாவின் ரஸ்கீகீ கல்வி நிலையத்தைச் சேர்ந்த புக்கர் வற்லி என்ற கறுப்பின வேளாண் பேராசிரியர், சந்தா கட்டும் வாடிக்கையாளர் கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி சிறு விவசாயிகளுக்கு அதற்கு முன்பே சொல்லிவந்தார். ஜப்பானிலோ 1970களில் தெய்க்கேய் என்ற பெயரில் குடும்பப் பெண்கள் கமக்காரரோடு நேரடி உடன்பாடு செய்துகொண்டார்கள். அங்கே இலக்கியத்துக்கும் இதிற் பங்குண்டு: அரியோஷி சவாக்கோ, பூச்சிமருந்தும் கழிவும் உணவில் கலப்பதைப் பற்றி எழுதிய ‘கூட்டு மாசு’ என்ற படைப்பு, 1974ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அசாகி நாளிதழில் தொடராக வந்து நாட்டையே உலுக்கியது. தெய்க்கேய் என்றால் ‘கமக்காரனின் முகம் தெரியும் உணவு’ என்று ஆங்கில நூல்கள் பொருள் சொல்வதுண்டு. அழகான விளக்கந்தான், ஆனால் சொல்லின் பொருள் அதுவல்ல. கைகோர்த்தல், கூட்டுச் சேர்தல் என்பதே பொருள். மொழி படிப்பிப்பவனுக்கு இப்படிப்பட்ட இடத்தில் பேசாமல் இருக்க முடிவதில்லை.

குளிர் நெருங்கும்போது அத்தகைய பண்ணை எப்படி இயங்கும்? தக்காளி போன பிறகு கூடையை நிரப்புவது கிழங்குகளே. கரட்டும் பீற்றூட்டும் நிலம் கல்லாய் உறையுமுன் தோண்டப்படும். இலையை உடனே வெட்டிவிட வேண்டும். விட்டால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பின் ஈர மணலில் அடுக்கி நிலவறையில் வைப்பார்கள்; அங்கே வெப்பம் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். வெண்காயத்துக்குக் குளிர் வேண்டும், ஈரம் ஆகாது. பூசணிக்கோ குளிரும் ஆகாது. பத்துப் பன்னிரண்டு பாகையில், உலர்ந்த இடத்தில் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். ஆக ஒரே கூரையின் கீழ் மூன்று காலநிலைகளைப் பேண வேண்டியிருக்கிறது. இன்னொரு புதுமை: உறைபனியைத் தாங்கும் கீரைகளும் கிழங்குகளும் தம் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அதனால் பனி பட்ட கரட் இனிக்கும்.

எல்லாம் ஒடுங்கும் அந்த நேரத்தில் நடப்படும் பயிரும் ஒன்றுண்டு. அது உள்ளி. ஒக்ரோபரில் பற்களைப் பிரித்து ஊன்றி, வைக்கோலால் மூடிவிடுவார்கள். வேர் மட்டும் விட்டு அது பனிக்கடியில் உறங்கும். அடுத்த கோடையில் கிழங்காகும். அந்த உள்ளியை உண்ணப்போகும் பங்காளிகள் அப்போது பணங்கூடக் கட்டியிருக்கமாட்டார்கள்.

கட்டவேண்டிய பணம் பற்றி அதே 1986இல் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் தொடங்கிய ரெம்பிள்-வில்ற்றன் பண்ணை வேறொரு வழி கண்டது. அங்கே சமமான பங்குத்தொகை கிடையாது. ஆண்டுச் செலவைக் கமக்காரர் சபையில் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதைச் சொல்லும். கூட்டினால் போதாதென்றால் மறுபடி கேட்பார்கள். வசதி உள்ளவன் கூடக் கொடுப்பான், இல்லாதவன் குறையக் கொடுப்பான், இருவரும் எடுப்பது தேவைக்கேற்ப. நம்பிக்கை குறைந்த ஊரிலே இது ஒரு கூட்டத்துக்குமேல் தாங்காது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அங்கே தாங்கியது.

இந்தியன் லைனில் உடைந்தது பணத்தாலன்று, நிலத்தால். விளைச்சலையும் நட்டத்தையும் பங்கிட்டவர்கள் நிலத்தைப் பங்கிடவில்லை. அது வான் என்னின் பெயரிலேயே இருந்தது. 1990இல் பங்காளிகள் விலகி அயலில் வேறு தோட்டம் தொடங்கினார்கள். அவர் மனந்தளராமல், இத்தகைய பண்ணைகளை நாடெங்கும் நிறுவ வழிகாட்டும் கைநூலோடும் பேச்சுக்களோடும் அலைந்தார். 1997 ஜனவரியில், நடுக்குளிரில், ஆஸ்துமா நோய் அவர் உயிரைக் கொண்டுபோனது. பண்ணை மகனின் கைக்கு வந்தது, விற்பனைக்கும் வந்தது. 1999இல் அப்பகுதியின் சமூக நில அறக்கட்டளை ஒன்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றின் உதவியோடு நிலத்தை வாங்கியது. அங்கே பயிரிட்டுவந்த இளம் கமக்காரத் தம்பதிக்கு வீடும் களஞ்சியமும் சொந்தமாயின; நிலம் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு வந்தது. அந்தக் குத்தகையின்படி, அதைப் பயிர்நிலமாகவே வைத்திருக்க வேண்டும்.