புதுச்சேரியில் இரு கவிஞர் இல்லங்கள்: பிள்ளைகளுடன் பார்த்து வருவோம்

சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் பகுதிக் குடும்பங்கள் விடுமுறைக்குப் புதுச்சேரி போனால் கடற்கரையோடு திரும்பிவிடுகிறோம். அங்குள்ள இரண்டு நினைவு இல்லங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பாரதியார் இல்லம் (ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு): ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பி, 1908-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்த பாரதி, பத்தாண்டுகள் அவ்வூரில் இருந்தார். 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' அக்காலத்தில் எழுதியவை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, நம் கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14-இல் விடுதலையானார். 1920-இல் பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மகிமை பற்றிப் பேசியவரும் இவரே.

பாரதிதாசன் இல்லம் (பெருமாள் கோயில் தெரு): தமிழாசிரியர் சுப்புரத்தினம், பாரதி மீதிருந்த பற்றால் இப்பெயரைச் சூட்டிக்கொண்டார்.

அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வார விடுமுறை உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கி.மீ. நாம் பேருந்தில் எளிதாகக் கடக்கும் இந்தத் தூரத்தைப் பத்தாண்டுகள் அவரால் கடக்க முடியவில்லை. பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பெயருக்குப் பின்னால் இப்படியொரு வாழ்க்கை இருந்ததை, போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.