காரியக்காரர் உட்கார்ந்த நாற்காலி

மக்களே, முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளம். சாணி, கூலி, சரித்திரம் மூணும் கலந்து வரும். மூக்கைப் பொத்திக்கிறவங்க இப்பவே பொத்திக்கலாம் :-)

2019 கடைசியில் ஆரம்பிச்சு நாலு வருஷம் ஒரு பண்ணையில் மேனேஜராக இருந்தேன். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருபது ஏக்கர். பன்னிரண்டு ஏக்கர் நெல், மிச்சம் தென்னை. முதலாளி வெளிநாட்டில். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடிச்சதில் அவருடைய தென்னையில் முக்கால்வாசி சாய்ந்து போச்சு. அதுக்கப்புறம்தான் மனுஷனுக்கு மண்ணைப் பத்தி யோசனை வந்தது. "இனிமே மீளுருவாக்க வேளாண்மைதான்"னு சொல்லிட்டார். என்னை வேலைக்கு வச்சதும் அதுக்குத்தான்.

அது என்னன்னு கேக்கறவங்களுக்கு: இயற்கை விவசாயம் பெரும்பாலும் "ரசாயன உரம் போடாதே, மருந்து அடிக்காதே"ங்கிறதோட நின்னுடும். இது அதுக்கு மேல ஒரு படி. நிலத்தை நாம வாங்கின நிலையை விட நல்ல நிலையில் விட்டுட்டுப் போகணும். உழவைக் குறைக்கணும், நிலத்தை வெறுமனே காயவிடக் கூடாது, பயிரை மாத்தி மாத்திப் போடணும், ஆடு மாடு உள்ளே வரணும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராபர்ட் ரோடேல் 1980-களில் இந்தப் பேரைப் பரப்பினார். பேர்தான் புதுசு. கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிட்டு வந்து வயலில் கிடை போடறதும், நடவுக்கு முன்னாடி தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழறதும், குளத்து வண்டலை அள்ளிக் கொட்டறதும் எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

என் வேலை சுலபமாத்தான் தெரிஞ்சது. காலையில் ஆள் கணக்கு. அப்புறம் தண்ணி, விதை, மாட்டுத் தீவனம். சாயங்காலம் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ. மாசக் கடைசியில் வரவு செலவு. இந்தக் கடைசி வரியில்தான் கதையே இருக்கு.

முதல் வருஷம் ஒரு நாள் ஜீவாமிர்தம் தயாரிச்சோம். சுபாஷ் பாலேக்கர் நாடு பூரா பரப்பின முறை. 200 லிட்டர் டிரம்மில் தண்ணி, பத்து கிலோ நாட்டு மாட்டுச் சாணி, கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. ரெண்டு நாள் நிழலில் வச்சுக் கலக்கிவிட்டு, பாசனத் தண்ணியோட விடணும். வேலைக்கு வந்தவங்களை எல்லாம் சுத்தி நிக்க வச்சு நான் பெரிய வாத்தியார் மாதிரி வகுப்பு எடுத்தேன். நுண்ணுயிர், மண்புழு, இத்தியாதி இத்தியாதி. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருத்தர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், சாணியைக் கையால் கரைச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தார். முடிச்சதும் சொன்னார்:

"எங்க அப்பா காலத்துல பண்ணையில இதைக் கரைச்சு ஆளு வாயில ஊத்துவாங்க தம்பி. நீங்க பயிருக்கு ஊத்துறீங்க. பரவால்ல."

சொல்லிட்டு வாய்க்காலுக்குக் கை கழுவப் போயிட்டார். யாரும் எதுவும் பேசலை. எனக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி, மத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

'சாணிப்பால், சவுக்கடி' என்கிற ரெண்டு வார்த்தையை நானும் மேடைப் பேச்சில் கேட்டிருக்கேன். ஆனா அது நான் தினமும் சைக்கிளில் போற ரோட்டுக்குப் பக்கத்தில் நடந்ததுன்னு மனசில் ஏறலை. அன்னிக்கு ராத்திரிதான் உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் 'பண்ணை'ன்னா மிராசுதார் நிலம். அதில் உழைச்ச பண்ணையாள்களில் பெரும்பாலானவங்க தலித் மக்கள். கடன்ல கட்டுண்டு தலைமுறை தலைமுறையா ஒரே வீட்டுக்கு உழைக்கணும். கூலி நெல்லா அளந்து கொடுப்பாங்க. குடிசை இருக்கிற மனையும் மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினா அதுவும் போயிடும். வேலைக்கு லேட்டா வந்தா, வரலைன்னா, சவுக்கடி. அதோட சாணிப்பால். மிராசுதாரில் பல பேர் நிலத்துல கால் வைக்காதவங்க, டவுனில் இருந்தவங்க. சில இடத்துல நிலம் மடத்துக்கோ கோயிலுக்கோ சொந்தம். அப்ப தினமும் வரப்பில் நின்னு ஆளை எண்ணினது யாரு? காரியக்காரர். கணக்கு எழுதினதும், லேட்டா வந்தது யாருன்னு மேலே சொன்னதும் அவர்தான்.

இந்த இடத்தில் படிக்கிறதை நிறுத்திட்டேன். ஊரில் இல்லாத முதலாளி, வரப்பில் நிக்கிற ஆள், கையில் ஆள் கணக்கு நோட்டு. என் விசிட்டிங் கார்டில் மேனேஜர்னு போட்டிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கொடுமை தானா நிக்கலை. தென் கன்னடத்துலேருந்து வந்த பி. சீனிவாசராவ் இந்தப் பகுதியிலேயே தங்கி, தமிழ் கத்துக்கிட்டு, சங்கம் கட்டினார். 1943-ல் தென்பரையில் ஆரம்பிச்சது. அடிச்சா திருப்பிக் கேட்கலாம்கிற தைரியம் அதுக்கப்புறம்தான் சேரிக்குள்ள வந்தது. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புக்குன்னு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள்ள 44 பேரை எரிச்சாங்க, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலித் தகராறு. 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனையை அதில் குடியிருக்கிறவங்களுக்கே சொந்தமாக்க ஒரு சட்டம். நம்ம பெரியவர் வீடு நிக்கிறதும் அப்படி வந்த மனையில்தான்.

சரி, இதெல்லாம் படிச்சு நான் திருந்திட்டேன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. இனிமேதான் என் லட்சணம் வருது.

அடுத்த வருஷம் ஒரு மாசம் முதலாளிகிட்டேருந்து பணம் பாதிதான் வந்தது. மழைக்காலம் நெருங்குது, நாலு நாட்டு மாடு வெளியே நிக்குது. இருந்த பணத்தில் முதல்ல கொட்டகை போட்டேன். களையெடுத்த பெண்களோட கூலியை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளினேன். அடுத்த சனிக்கிழமையும் தள்ளினேன். மாடு இல்லாம சாணி இல்ல, சாணி இல்லாம மண் இல்லன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மூணாவது வாரம் திங்கட்கிழமை ஒருத்தரும் வரலை. தெருவுக்குப் போனேன். களையெடுக்கிற கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருக்கிற அக்கா, சண்டை போடற குரலில் கூட இல்லாம கேட்டாங்க:

"மாட்டுக்குக் கொட்டாய் போட்டாச்சு. எங்களுக்கு எப்ப தம்பி?"

பதில் சொல்ல வாய் வரலை. வீட்டில் வாங்கி அன்னிக்கே கொடுத்தேன்னு வையுங்க. ஆனாலும் அந்தக் கேள்வி போகலை.

அந்த சமயத்தில்தான் ஆல்பர்ட் ஹோவர்டைப் பத்திப் படிச்சுக்கிட்டிருந்தேன். இயற்கை விவசாயம் பேசறவங்க எல்லாரும் கும்பிடற ஆள். இங்கிலாந்தில் விவசாயி மகன். 1905-ல் பீகாரில் இருக்கிற பூசாவுக்கு அரசாங்கத் தாவரவியலாளரா வந்தார். ஆய்வகத்தில் மட்டும் உட்கார மாட்டேன்னு அடம் பிடிச்சு 75 ஏக்கர் வாங்கி, தானே பயிர் பண்ணினார். அக்கம்பக்கத்து விவசாயிகளும் பூச்சிகளும்தான் தன்னோட பேராசிரியர்கள்னு எழுதி வச்சார். கோமாரி வந்த மாடுகளோட இவர் மாடுகள் மூக்கை உரசிக்கிட்டு நின்னும் நோய் ஒட்டலை, நல்ல மண்ணில் விளைஞ்ச தீவனம்தான் காரணம்னு அவர் நம்பினார். மனைவி கேப்ரியேலும் தாவர விஞ்ஞானி, எல்லா வேலையிலும் சரிபாதி.

1924-ல் இந்தூரில் 300 ஏக்கரில் ஆராய்ச்சி நிலையம். அங்கே உருவானதுதான் உலகம் பூரா 'இந்தூர் முறை'ன்னு சொல்ற கம்போஸ்ட். 30 அடி நீளம், 14 அடி அகலத்தில் குழி. பருத்தி மாறு, களை, இலைச் சருகுன்னு கிடைக்கிறதை எல்லாம் சாணி, மாட்டு மூத்திரம் ஊறின மண், சாம்பலோட அடுக்கணும். மூணு மாசத்துல மூணு தடவை புரட்டணும். 1931-ல் யஷ்வந்த் வாட் என்கிறவரோட சேர்ந்து இதைப் புத்தகமா போட்டார். ரோடேல் குடும்பம் அமெரிக்காவில் ஆரம்பிச்ச பத்திரிகை, இன்னிக்கு இருக்கிற 'மீளுருவாக்கம்' எல்லாத்துக்கும் வேர் இங்கேதான். அதாவது அமெரிக்கச் சரக்குன்னு நாம இறக்குமதி பண்றது ஒரு காலத்தில் இந்தூரிலிருந்து போனது.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதறதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற ஒண்ணு. மூணு தடவை புரட்டணும்கிறாரே, புரட்டினது யாரு? 1929-ல் ஹோவர்டும் கேப்ரியேலும் இந்தூர் நிலையத்தைப் பத்தி எழுதின புத்தகத்தில் இதுக்கு பதில் இருக்கு. பயிரைப் பத்தி எழுதின மாதிரியே வேலையாட்களைப் பத்தியும் தனியா எழுதியிருக்காங்க. வேலை நேரத்தைக் குறைச்சது, கூலியைத் தள்ளிப் போடாம கொடுத்தது, நல்ல குடியிருப்பு, மருத்துவ வசதி. இதெல்லாம் தர்மம்னு சொல்லலை, நிலையம் ஒழுங்கா நடக்க இதுவும் ஒரு பகுதிங்கிற மாதிரி எழுதறாங்க. இந்தூர் அப்போ பஞ்சாலை ஊர். கூலி ஒழுங்கா வரலைன்னா ஆள் மில்லுக்குப் போயிடும், அந்தக் கணக்கும் இருந்திருக்கும்.

1930-ல் கேப்ரியேல் இறந்துட்டார். அப்புறம் ஹோவர்டைக் கல்யாணம் பண்ணின அவர் தங்கை லூயிஸ், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் விவசாயத் தொழிலாளர் பிரச்சினைகளைப் பார்த்தவர். ஹோவர்டின் இந்திய வருஷங்களைப் பத்தி 1953-ல் புத்தகம் போட்டவரும் அவர்தான்.

ஹோவர்டை நான் மகான் ஆக்கலை. அவர் வெள்ளைக்கார அரசாங்கத்துக் காலத்து அதிகாரி. குழியைப் புரட்டினவங்க பேர் அட்டையில் இல்லை. ஆனா கூலியையும் நேரத்தையும் மண் சமாச்சாரத்திலேருந்து அவர் பிரிக்கலை. நாமதான் பிரிச்சோம். கம்போஸ்ட் குழியோட நீள அகலம் வகுப்புக்கு வகுப்பு சொல்லித் தரோம். சம்பளத்தைப் பத்தி எழுதின பக்கத்தை யாரும் சொல்லித் தர்றதில்லை. நான் போன பயிற்சிகளில் மண்புழுவைப் பத்தி மணிக்கணக்கா பேசினாங்க, களையெடுக்கிறவங்களைப் பத்தி ஒரே வரிதான்: "ஆள் செலவு கூடுதலா வரும், கவனமா இருங்க."

அந்த வரிதான் எங்க முதலாளி கண்ணிலும் பட்டது. மருந்து அடிக்காத வயலில் களை கையால்தான் எடுக்கணும். ரெண்டாம் வருஷக் கணக்கைப் பார்த்துட்டு "ஆள் கூலியை மட்டும் கொஞ்சம் குறைக்கப் பாருங்க"ன்னார். தப்பான மனுஷன் இல்லை, கணக்கு அப்படித்தான் காட்டுச்சு. மண் சரியாக அஞ்சாறு வருஷம் ஆகும், வரவு செலவு மாசா மாசம் போகும். நடுவில் விழற பள்ளத்தை யாராவது ஒருத்தர் தாங்கணும். காரியக்காரர் காலத்தில் அதை யார் தாங்கினாங்கன்னு பார்த்தாச்சு. என் கொட்டகைக் கதையிலும் அதே ஆட்கள்தான் தாங்கினாங்க.

முதலாளிக்கு நீளமா ஒரு மெயில் எழுதினேன். ஹோவர்டைச் சொன்னேன், கொட்டகைக் கதையையும் மறைக்காம சொன்னேன். மூணு விஷயம் கேட்டேன். ரெண்டு மாசக் கூலிப் பணம் எப்பவும் தனிக் கணக்கில் இருக்கணும், அதை மாட்டுக்கும் எடுக்கக் கூடாது, மோட்டாருக்கும் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை மதியத்துக்குள்ள பட்டுவாடா. வேலை ஒரு மணியோட முடியணும். மூணுக்கும் சரின்னார். மகசூலில் சின்னதா ஒரு பங்கு கொடுக்கலாமேன்னு நாலாவதா ஒண்ணு கேட்டேன், அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் வரலை :-)

2023-ல் வேலையை விட்டுட்டு வரும்போது மண் நிச்சயமா மாறித்தான் இருந்தது. மழை பெஞ்சா முன்ன மாதிரி மேலேயே தேங்கலை, உள்ளே இறங்குச்சு. மண்வெட்டி போட்ட இடத்தில் புழு தெரிஞ்சது. அதே களையெடுக்கிற கூட்டம் கடைசி வரைக்கும் வந்தது. எந்த வரப்பு ஓட்டை, எந்த மூலையில் கோரை முதல்ல வரும்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆள் மாறிக்கிட்டே இருந்திருந்தா அந்த அறிவு பண்ணையில் தங்கியிருக்காது.

ஜீவாமிர்த டிரம்மில் கை விடற வேலையை மட்டும், பெரியவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து, நானே எடுத்துக்கிட்டேன். தியாகம் ஒண்ணும் இல்லை, கால் மணி நேர வேலை. பெரியவர் வரப்பில் உட்கார்ந்து, "கட்டி இருக்கு பாருங்க, நல்லா கரைங்க தம்பி"ன்னு மேனேஜர் வேலை பார்ப்பார்.

உங்களில் யாராவது பண்ணை பார்க்கப் போனீங்கன்னா மண்ணைக் கையில் அள்ளி மோந்து பாருங்க, போட்டோவும் எடுத்துக்குங்க. அப்படியே அங்கே களையெடுக்கிறவங்க பக்கத்தில் உட்கார்ந்து, போன சனிக்கிழமை கூலி வந்துச்சான்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.