குழலில் எழுதிய வரலாறு

பழைய போர்த் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பதும், அவற்றால் குறிபார்த்துச் சுட்டு மகிழ்வதும் மேனாட்டார் பலருக்குப் பொழுதுபோக்கு. நம் நாட்டிலோ அவற்றைப் பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில்தான் காண்கிறோம். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? விடை தேடுவோர் அடையாற்றங்கரையிலிருந்து தொடங்குதல் தகும்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அதனை மீட்க ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான், தம் மைந்தர் மஹ்பூஸ் கானை ஏறத்தாழ 10,000 வீரருடன் அனுப்பினார். அக்டோபர் 24ஆம் நாள் சாந்தோமுக்கு அருகே ஆற்றின் வடகரையில் அப்படை அணிவகுத்தது. தென்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த பாரடிஸின் படையிலோ, உள்நாட்டுச் சிப்பாய்களையும் சேர்த்து, ஏறத்தாழ 1,000 பேரே இருந்தனர். எனினும் வெற்றி பாரடிஸுக்கே கிட்டியது. அவர்கள் ஏந்திய சக்கிமுக்கித் துப்பாக்கி நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறுவது. ஆனால் பயின்ற வீரன் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடுவான். வரிசை வரிசையாக நின்று ஒருசேரச் சுட்ட அவ்வொழுங்கே வென்றது.

உள்நாட்டாருக்குத் துப்பாக்கியும் பயிற்சியும் அளித்தால் எவரையும் வெல்லலாம் என்பதை ஆங்கிலேயரும் உணர்ந்தனர். கூடவே, அதே சிப்பாய் தம்மீது திரும்பினால் என்னாகும் என்ற அச்சமும் அவர்களைப் பற்றியது. 1857இல், பசு, பன்றிக் கொழுப்புப் பூசியதென அஞ்சப்பட்ட என்பீல்டு தோட்டாவே எழுச்சிக்குப் பொறியாயிற்று. மறு ஆண்டே, குழலின் உட்புறச் சுழல்வரிகள் நீக்கப்பட்ட துப்பாக்கி இந்தியச் சிப்பாய்களுக்கென வகுக்கப்பட்டது. சுழல்வரி இன்றேல் குண்டு தொலைவில் குறி தவறும், அதுவே நோக்கம். வெள்ளையர் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய பின்னரும் நம்மவர் பழைய ஸ்னைடரையே சுமந்தனர். ஆள்வோர் யாரை நம்பினர், யாரை நம்பவில்லை என்பதை அக்குழல்களே சொல்லும்.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குடிமக்களையும் கட்டுப்படுத்தியது. இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு! விடுதலைக்குப்பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வினப் பாகுபாட்டை நீக்கிற்று. எனினும் உரிமக் கட்டுப்பாடு நீடிக்கிறது. படைத்தோட்டா ஏற்கும் .303 இன்றும் தடைவகையைச் சார்ந்ததே. குடிமக்களுக்கென அரசுத் தொழிற்சாலைகள் .315 துப்பாக்கியைச் செய்கின்றன.

தஞ்சை அரண்மனையின் படைக்கலங்களுள் பெரும்பகுதி ஆங்கிலேயராட்சியில் பழைய இரும்பாய் அழிந்தது. எஞ்சியவற்றுள் சில எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. நம் இல்லங்களின் பரண்களில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி எதுவும் கிடக்குமாயின், அதனை இரும்புக்கடைக்கு அனுப்பிவிடலாகாது. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆயினும் அதனை நாமே முடிவுசெய்யாது, உரிய அதிகாரியிடம் தெரிவிப்பதே முறை. இரும்பாய் உருக்கப்பட்ட சான்றை மீட்க எவராலும் இயலாது.