நீடிப்பும் நீட்டிப்பும்: மலையகத்தின் காலக் கணக்கு

பத்திரிகை அலுவலகத்தில் ஆங்கிலச் செய்திகளையும் அரசாங்க அறிக்கைகளையும் தமிழாக்கும் மேசையில் பல்லாண்டுகள் அமர்ந்தவன் நான். ஒன்றின் ஆயுளைக் கூட்டுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களின் வேறுபாடு அந்த மேசைக்கு வந்த பிறகே எனக்குப் புலப்பட்டது. எக்ஸ்டென்ட் என்றால் கெடு முடியுமுன் அதைத் தள்ளிவைப்பது. ரினியூ என்றால் முடிகின்ற ஒன்றை மறுபடி ஒரு புதிய தவணைக்குத் தொடங்கிவைப்பது. புரோலாங் என்பதோடு பெரும்பாலும் நோயோ போரோ வேதனையோ சேர்ந்து வரும். புரோட்ராக்ட் என்பதற்கு நம்மிடம் அருமையான சொல் உண்டு: இழுத்தடிப்பு.

முதற் சொல்லுக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் நீட்டிப்பு என்று எழுதும். இலங்கைப் பத்திரிகைகள் நீடிப்பு என்று எழுதும். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். வழக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் மழை நீடித்தது என்கிறோம், மழை நீட்டித்தது என்பதில்லை. நீடிப்பது தானாக நிகழ்வது, நீட்டிப்பது ஒருவர் செய்வது. கால எல்லை நீடிப்பு என்று தலைப்பிட்டால், அதை நீட்டியவர் யார் என்ற கேள்வி வாசகருக்கு எழுவதில்லை.

இலக்கண வகுப்பு நடத்துவது என் நோக்கமன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த மக்களின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் இச்சொற்கள் குறுக்கே வந்து நிற்கின்றன.

சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை கோரினர். பெற்றவர்கள் ஏறக்குறைய ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. எஞ்சியோரின் தலைவிதி 1964 அக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாகப் பிரிக்கப்பட்டது. மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1 இலட்சத்து 50 ஆயிரம். இவ்வளவையும் முடிக்க 15 ஆண்டுகள். பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை.

பதினைந்து ஆண்டு என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரி. லயத்தில் அது ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து கொழுந்துக்கூடையைத் தோளில் மாட்டுகிற காலம். நாடு திரும்பவேண்டியவர் புறப்படும் நாள்வரை வேலையில் இருக்கலாம், ஆனால் 55 வயதோடு அந்த அனுமதி முடிந்துவிடும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகவே இரண்டு கெடுக்கள் ஒரே வேளையில் ஓடிக்கொண்டிருந்தன: ஒன்று நாட்டினுடையது, மற்றது உடம்பினுடையது.

நடைமுறைச் சட்டம் 1967இல் வந்தது. இந்தியப் பக்கம் ஏழு பேர் என்றால் இலங்கைப் பக்கம் நான்கு பேர் என்ற விகிதம் அதில் கட்டப்பட்டது. இந்தியப் பிரஜையாகப் பதிவானாலே அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்றிருந்ததை, 1971இல் செய்த திருத்தம் மாற்றியது. ஆள் நாட்டைவிட்டு உண்மையில் புறப்பட்டால்தான் கணக்கு. ஒரு குடும்பம் கப்பலேறத் தாமதித்தால், இன்னொரு குடும்பத்தின் இலங்கைக் குடியுரிமையும் தாமதித்தது. இதற்கு நீடிப்பு என்ற சொல் பொருந்துமா? நீட்டிப்பு என்றாலும் போதாது.

கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் கடவுச்சீட்டு வாங்கிய பின்னும் புறப்படாமல் இருந்தவர்கள் பலர். சேமலாப நிதி கைக்கு வரவேண்டும், மகளின் கல்யாணம் முடியவேண்டும், அண்ணன் ஒரு நாடு தம்பி ஒரு நாடு என்று பிரிந்த வீட்டில் யார் முதலில் போவது என்ற வழக்குத் தீரவேண்டும். இவர்களும் தங்கள் இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டவர்களே. போனவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. எந்த அரசாங்க அறிக்கையிலும் இவ்வளவு துல்லியமான சொல்லை நான் கண்டதில்லை.

ஒதுக்கிவைத்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75 ஆயிரம் வீதம் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் சேர்ந்து 1981 அக்டோபரில் காலம் முடிந்தது. வேலை முடியவில்லை. ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, இனி அது தங்களைக் கட்டுப்படுத்தாது என்று இந்தியா 1982இல் கூறியது. 1984இல் போரினால் தலைமன்னார் இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் பூட்டிவைத்து, இலங்கைத் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்த பல்லாயிரம் பேர் அப்படியே நின்றுபோனார்கள்.

பிறகு 1986இல் ஒரு சட்டம், 1988இல் ஒரு சட்டம். கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் அது குடியுரிமை தந்தது. ஒப்பந்தம் கையொப்பமான அதே திகதி 39 ஆண்டுகள் கழித்து, விலக்குவதற்கன்றிச் சேர்ப்பதற்கு உதவியது. ஒரே திகதியை வைத்து இரண்டு காரியமும் செய்யலாம் என்றால் முன்னமே செய்திருக்கலாமே என்பது என் அபிப்பிராயம்.

இழுத்தடிப்பு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துவந்த கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சில் முடிந்தது. அடுத்தது கையொப்பமானது 2016 அக்டோபரில். நாட் சம்பளம் எல்லாம் சேர்த்து 730 ரூபாய். இடைப்பட்ட பதினெட்டு மாதங்களுக்கு நிலுவை இல்லை. ரினியூ என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், அந்த இடைவெளியில் அரிசிக்கடைக் கடனைப் புதுப்பித்தவர்கள் தொழிலாளர்கள்தாம்.

அரசுடைமையாக இருந்த தோட்டங்களை 1992இல் 22 கம்பனிகளின் நிர்வாகத்துக்கு விட்டார்கள். தொடக்கத்தில் அது ஐந்து ஆண்டு முகாமைத்துவ ஏற்பாடு. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாக நீண்டது. இல்லை, நீட்டப்பட்டது. அந்தக் குத்தகை 2045இல் முடியும். அதே தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டிய லய அறைகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுள் பெரும்பாலோரிடம் தாம் குடியிருக்கும் நிலத்துக்குக் காணி உறுதி கிடையாது.