காறல்மான் பேசிய தமிழ்: கொச்சிக் கரையின் சவிட்டு நாடகமும் உலக அரங்கும்

2012 டிசம்பர் 12 அன்று ஃபோர்ட் கொச்சியில் கொச்சி-முசிரிஸ் பியன்னாலே தொடங்கியது. ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு நில்லாது, நாடகம், நடனம், கவிதை, ஒலி ஆகியன ஒன்றோடொன்று கலக்கும் களமாகவும் அவ்விழா பின்னர் வளர்ந்தது. சுதர்சன் ஷெட்டி பொறுப்பேற்ற 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அனாமிகா ஹக்சர், சுலைகா சௌத்ரி ஆகிய நாடக இயக்குநர்களும், சென்னையைச் சேர்ந்த நடனக் கலைஞர் பத்மினி செட்டூரும் இடம்பெற்றனர். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீட்டா ஒரு கிடங்கில் கடல்நீரை நிரப்பி, பார்வையாளரை அதில் நடந்து சென்று கவிதையைப் படிக்கவைத்தார். 2025 டிசம்பரில் தொடங்கிய ஆறாம் பதிப்பின் பொறுப்பாளர் நிகில் சோப்ரா, அடிப்படையில் ஒரு நிகழ்த்துகலைஞர்.

பன்னாட்டு அரங்கும் துறைகளைக் கடந்த நிகழ்த்துகலையும் இந்நூற்றாண்டில்தான் கொச்சிக்கு வந்து சேர்ந்தன என்ற எண்ணம் இதனால் எளிதில் உருவாகிவிடுகிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. தெற்கே இடக்கொச்சி, பள்ளுருத்தி, கும்பளங்கி முதலிய காயலோரப் பகுதிகளிலிருந்து வடக்கே கோதுருத்து வரை பரந்துகிடக்கும் இலத்தீன் கத்தோலிக்கக் குடியிருப்புகளின் மரபில், ஐரோப்பியக் கதையும் கேரளப் போர்க்கலையும் தமிழ்ப் பாட்டும் இணைந்த நாடக வடிவம் ஒன்று பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறது. அதன் பெயர் சவிட்டு நாடகம். அதன் பழைய சுவடிகளின் மொழி பெருமளவில் தமிழ். தமிழ் நாடக வரலாற்று நூல்களோ அதற்கு உரிய இடத்தை இன்னும் அளிக்கவில்லை.

முதலில் வடிவத்தைக் காண்போம். ‘சவிட்டுதல்’ என்பது மிதித்தல். குமரி மாவட்டப் பேச்சில் இச்சொல் இன்றும் வழங்குகிறது. பலகைகளால் உயர்த்திக் கட்டிய மேடையில் நடிகர்கள் தாளத்திற்கேற்பப் பலமாக மிதித்து ஆடுவர். மேடையே ஒரு தாளக்கருவியாக ஒலிக்கும். நடிகரே பாடவேண்டும், ஆடவேண்டும், வாளும் கேடயமும் ஏந்திப் போரிடவேண்டும். போர்க்காட்சிகளில் களரிப்பயிற்றின் அடவுகள் தெளிவாகத் தெரியும். நன்மாந்தருக்கும் தீயோருக்கும் மிதிமுறைகள் வேறுவேறு. உடைகளோ ஐரோப்பிய அரசவையை நினைவூட்டுபவை: வெல்வெட்டு அங்கி, மணி பதித்த முடி, மார்புக் கவசம், செங்கோல். இன்றைய விழாக்கள் ‘துறையிடைக் கலை’ என்று பெயரிட்டுத் தேடுவதைக் காயலோர மீனவரும் தச்சரும் கூலித்தொழிலாளரும் பெயரேதும் சூட்டாமல் இரவெல்லாம் நிகழ்த்திவந்தனர்.

கதைகளின் பரப்பு இதனினும் வியப்புக்குரியது. இம்மரபின் பெரும் படைப்பு ‘காறல்மான் சரிதம்’. காறல்மான் என்பது சார்லமேன் பேரரசனின் பெயர். போர்த்துக்கீசிய வடிவமான ‘கார்லோஸ் மாக்னோ’ மலையாளக் கரையின் நாவில் இவ்வாறு மருவியது. பேரரசனும் அவனுடைய பன்னிரு வீரர்களும் துருக்கரோடு பொருதும் கதை இது; பல இரவுகள் தொடர்ந்து ஆடப்படும் அளவு நீண்டது. 778 ஆகஸ்டு 15 அன்று பிரனீஸ் மலைக் கணவாய் ஒன்றில் நிகழ்ந்த ஒரு பின்படைத் தோல்வியே இக்கதைத் தொகுதியின் வரலாற்றுக் கரு. அத்தோல்வி பிரெஞ்சு வீரகாவியமாக வளர்ந்து, 1521இல் செவில் நகரில் அச்சான ஸ்பானிய உரைநடை நூலின் வழியே ஐபீரிய மக்களிடையே பரவி, கப்பலேறியது.

அக்கப்பல்கள் சென்ற துறைகள் பலவற்றில் இக்கதை அரங்கேறியது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவில் ‘சிலோலி’ என்ற பெயரில் சார்லமேன் அவை விசாரணை இன்றும் நடிக்கப்படுகிறது. அருகிலுள்ள பிரின்சிப்பே தீவில் ஃபுளோரிப்பஸ் இளவரசியின் கதை ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊரையே மேடையாக்குகிறது. சிசிலியில் அதே வீரர்கள் மரப்பாவைகளாகப் போரிடுகின்றனர். பிலிப்பைன்ஸில் கிறித்தவ-முஸ்லிம் போர்க்கதைகள் ‘கொமெத்யா’ என்ற நாடக வடிவம் பெற்றன. கொச்சிக் கரை இவ்வுலகளாவிய அரங்கின் ஒரு கண்ணி. ஆயினும் இக்கண்ணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு: இங்குப் பேரரசன் காலனியாளரின் மொழியில் பேசவில்லை, ஊர்மக்களின் அன்றாடப் பேச்சான மலையாளத்திலும் பேசவில்லை. தமிழில் பேசினான்.

இதற்கு விடை தேட, அச்சு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கவேண்டும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர்களிடையே பெருந்திரளாகத் திருமுழுக்கு அளித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த ஆண்டே, 1579இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சானது. தமிழ் எழுத்துகளைத் தாங்கிய தொடக்ககால நூல்களுள் இரண்டு இன்றைய கேரளத்தில் அச்சேறியவை என்பதும், போர்த்துக்கீசியர் தமிழையே ‘மலபார் மொழி’ என்று குறித்தனர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கவை. தூத்துக்குடி முதல் கொச்சி வரையிலான கரையை மறைப்பணியாளர்கள் ஒரே பணிக்களமாகக் கண்டனர். அக்களத்தின் பொதுமொழியாகத் தமிழ் இருந்தது. வேண்டுதலுக்குரிய மொழி நாடகத்துக்குரிய மொழியாகவும் ஆனது இயல்பே.

மரபுவழிச் செய்தியும் இதற்கு இயைந்தே அமைகிறது. காறல்மான் சரிதத்தையும் பிரிஜீனா சரிதத்தையும் யாத்தவர் சின்னத்தம்பி அண்ணாவி என்றும், அவர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்றும் கலைஞர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அவரது காலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் கலைச்சொற்களே போதிய சான்று தருகின்றன. கேரளத்தில் களரியானாலும் கதகளியானாலும் கற்பிப்பவர் ‘ஆசான்’. சவிட்டு நாடகத்தில் மட்டும் அவர் ‘அண்ணாவி’. பாடல் வடிவங்களில் விருத்தம் உண்டு. கோமாளியின் பெயர் கட்டியக்காரன். தெருக்கூத்து அறிந்த எவருக்கும் அவனை அறிமுகப்படுத்தவேண்டியதில்லை.

சவிட்டு நாடகத்தின் தோற்றத்திற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. 1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் பேராயர் அலெய்ஷோ டி மெனெசஸ் கூட்டிய மறைமன்றம், கிறித்தவர் இந்து விழாக்களில் கலந்துகொள்வதைத் தடுத்தது. அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பவே போர்த்துக்கீசியப் பாதிரிமார் இந்நாடகத்தை உருவாக்கினர் என்பது அவ்விளக்கம். இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, அம்மன்றம் முதன்மையாகத் தோமையார் வழிக் கிறித்தவரை நோக்கியது; சவிட்டு நாடகமோ பெரும்பாலும் கடலோர இலத்தீன் கத்தோலிக்கரிடமே வாழ்ந்தது. இரண்டாவது, 1663 ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். கோட்டைக்குள்ளிருந்த கத்தோலிக்கத் தேவாலயங்களில் பலவற்றை இடித்தனர். சாந்தா குரூஸ் பேராலயத்தைக் கிடங்காக்கினர். 1795இல் ஆங்கிலேயர் வரும் வரை 132 ஆண்டுகள் நீடித்த அவ்வாட்சியில் போர்த்துக்கீசியப் புரவலர் எவரும் இந்நாடகத்துக்கு இல்லை. புரவலரின் விருப்பத்தால் மட்டும் வாழ்ந்த கலையாயின் அது அன்றே அழிந்திருக்கவேண்டும். அது அழியாமல் நின்றதற்கான காரணத்தை ஆடியவரிடத்தில்தான் தேடவேண்டும்.

அக்காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கூடியாட்டம் கோயில் கூத்தம்பலத்துக்குள் நிகழ்ந்தது. கதகளி அரண்மனைகளாலும் நிலவுடைமைக் குடும்பங்களாலும் போற்றப்பட்டது. சாதியடுக்கில் தாழ்த்தப்பட்டிருந்த கடலோர மக்களுக்கு அவ்வரங்குகளில் இடமில்லை. தங்கள் பலகை மேடையில் அவர்கள் முடிதரித்தனர், வாளேந்தினர், தூதனுப்பினர், நீதி வழங்கினர். பகலில் வலையிழுத்தவர் இரவில் பேரரசர். ஐரோப்பிய அரசவையின் ஆடை இங்கே வெறும் போலச்செய்தல் அன்று. உள்ளூர் மன்னரின் ஆடையை உடுக்க உரிமையற்றவர் கண்டெடுத்த மாற்று அரசகோலம். அதே வேளையில், இக்கதைகள் முஸ்லிம்களைப் பகைவராகச் சித்திரிக்கும் சிலுவைப்போர் மனப்பான்மையைச் சுமந்து வந்தவை என்பதையும் மறைத்தல் ஆகாது. பல சமயத்தார் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் மட்டாஞ்சேரிக்கு அருகே இக்கதை ஆடப்பட்டது. விடுதலையும் பகைமையும் ஒரே சுவடியில் கலந்துள்ளன. ஆய்வு இரண்டையும் ஒருங்கே படிக்கவேண்டும்.

இம்மரபைக் கொச்சியோடு நிறுத்திக்கொள்ளவும் இயலாது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கக் கூத்து மரபு ஒன்று உண்டு. அங்கும் ஆசிரியர் அண்ணாவியார், அங்கும் கட்டியகாரன், அங்கும் புனிதர்களும் அயல்நாட்டு வேந்தரும் தமிழில் பாடுகின்றனர். ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்ற மன்னார் நாடகத்தின் தலைப்பிலுள்ள ‘எம்பரதோர்’ பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்நாடகத்தையும் ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசௌந்தரி’ முதலியவற்றையும் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், இராவணேசன் ஆகிய கூத்துகளைப் புதுக்கி மேடையேற்றியவரும் அவரே. தமிழ்க் கத்தோலிக்க நாடகம் சிங்கள ‘நாடகம’ வடிவத்துக்கும் ஊற்றாயிற்று. அவ்வடிவத்தை எடுத்தாண்டே எதிரிவீர சரச்சந்திர 1956 நவம்பர் 3 அன்று ‘மனமே’ நாடகத்தை அரங்கேற்றினார். இலங்கையின் நவீன அரங்கு இக்கடலோர மரபின்மீது கால்பதித்து எழுந்தது.

கொச்சியில் நடந்தது வேறு. 1964இல் சபீனா ராஃபி மலையாளத்தில் எழுதிய சவிட்டு நாடக வரலாற்று நூல் இத்துறையின் முதற்பெரும் ஆய்வு. சுவடிகளின் தமிழ்த்தன்மையை அவர் மறைக்கவில்லை. ஆனால் கேரள நாடகக்காரர்கள் தங்கள் வேர்களைத் தேடிப் புறப்பட்டபோது பெரும்பாலும் கூடியாட்டம், கதகளி, தெய்யம், களரி ஆகியவற்றிடமே சென்றனர். தமிழரோ இதைக் கேரளக் கலையென்று விட்டுவிட்டனர். இருபதாம் நூற்றாண்டில் மலையாளச் சுவடிகள் பெருகின. பழைய பாடல்களைப் பொருளறியாது செவிவழியாகப் பாடம் செய்து பாடுகையில் சொற்கள் உருத்திரிந்தன. ஜெனோவேவா கதை இப்பிரிவினையை நன்கு காட்டும். சவிட்டு நாடகத்தில் அது புகழ்பெற்றது. 1953இல் எம்.ஜி.ஆர். நடிக்க ‘ஜெனோவா’ என்ற பெயரில் தமிழிலும் மலையாளத்திலும் திரைப்படமானது. திரைப்படத்தை இருமொழியினரும் நினைவில் கொண்டுள்ளனர். அக்கதை நெடுங்காலமாக மேடையில் ஒலித்த மொழியைப் பற்றிய நினைவு மங்கிவிட்டது.

கேரளப் பள்ளிக் கலைவிழாவின் போட்டிகளில் சவிட்டு நாடகம் சேர்க்கப்பட்டபின் இளைஞர் பலர் இதனைக் கற்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பல இரவுகள் நீண்ட காவியம் சில நிமிடக் காட்சியாகச் சுருங்கும்போது எஞ்சுவது மிதியும் உடையும் மட்டுமே. முதலில் உதிர்வது பாட்டும் அதன் மொழியும். பன்னாட்டு விழா மேடைகளுக்கும் இது பொருந்தும். வண்ண உடையும் அதிரும் பலகையும் எந்நாட்டுப் பார்வையாளரையும் கவரும். சுவடியை எவரும் கேட்பதில்லை.

ஆகவே உடனடியாகச் செய்யத்தக்க பணிகள் தெளிவானவை. அண்ணாவிமார் குடும்பங்களில் எஞ்சியுள்ள சுவடிகளை எண்ணிமமாக்கல்; முதிய கலைஞர்கள் பாடுவதை முழுமையாக ஒலிப்பதிவு செய்தல்; திரிந்த சொற்களை மன்னார், யாழ்ப்பாணப் பாடங்களோடு ஒப்பிட்டு ஒரு செம்பதிப்பு உருவாக்கல். இதற்குத் தமிழறிந்தோரும் மலையாளம் அறிந்தோரும் போர்த்துக்கீசியம் அறிந்தோரும் ஒரே மேசையில் அமரவேண்டும். தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய மூன்றின் பல்கலைக்கழகங்களும் தத்தம் எல்லைக்குள் நின்று இதனைச் செய்ய இயலாது. ஒரு சுவடி கறையானுக்கு இரையாகும்போது இழப்பது ஒரு மாநிலத்தின் கலையை மட்டுமன்று. ஐரோப்பாவின் பேரரசனுக்குத் தமிழ் கற்பித்த ஒரு கடற்கரைச் சமூகத்தின் அறிவு வரலாற்றை.