சி.எச். முஹம்மது கோயா: நகர்மன்ற வேட்பாளரும் சபாநாயகர் நாற்காலியும்

உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு பழைய விவாதம் மீண்டும் உயிர்பெறும். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்பவர்கள், வெல்லும் வாய்ப்புக் குறைந்த சிறிய கட்சியின் வேட்பாளருக்கு வாக்களிப்பது வாக்கை வீணாக்குவதாகாதா என்று கேட்பார்கள். பெரிய கட்சியின் நிழலில் நிற்பதே புத்திசாலித்தனம் என்று ஒரு சாராரும், நம் குரலை நாமே ஒலிக்க வேண்டும் என்று மறு சாராரும் வாதிடுவர். இவ்விவாதத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்க்கையால் நடத்திக் காட்டிய ஒருவரை நாம் இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது, அதற்குத் தலைமையேற்றவர் நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். பிரிவினையின் இரத்தக்கறை காயாத நேரம் அது. கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என்று அறிவுரை கூறியவர்களுள் முஸ்லிம் பிரமுகர்களும் இருந்தனர். புதிய அரசியலமைப்பில் தனித் தொகுதி முறையும் மறைந்தது. முன்பு முஸ்லிம் வாக்காளரிடம் மட்டும் சென்றால் போதுமாயிருந்த லீக் வேட்பாளர், இனி எல்லாச் சமுதாயத்தாரின் வாசலிலும் நிற்க வேண்டியவரானார்.

அவ்வாறு நின்றவர்களில் ஒருவர்தாம் சி.எச். முஹம்மது கோயா. 1927 ஜூலை 15 அன்று கோழிக்கோட்டை அடுத்த அத்தோளியில் பிறந்தவர். 'சந்திரிகா' நாளிதழின் ஆசிரியர். 1952இல் கோழிக்கோடு நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்தை எட்டியிருக்கவில்லை அல்லது அப்போதுதான் எட்டியிருந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம் என்பதால், அவர் நம் மாகாணத்து நகர்மன்ற உறுப்பினர் என்றும் சொல்லலாம். சாக்கடையும் குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படும் சபையே அவருடைய முதல் சட்டமன்றம். பிற்காலத்தில் அவருடைய பேச்சைக் கேட்கக் கடற்கரைகள் நிரம்பின. ஆயினும் பேச்சாளர் பலர் இந்தப் படியை ஏறாமலே மேலே செல்ல முயன்று வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதையும் நாம் பார்த்தே வருகிறோம்.

1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தானூரிலிருந்து வென்றார். 1960இல் மீண்டும் அங்கேயே வென்றார். இம்முறை காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகிய மூன்றும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிராக அணிசேர்ந்திருந்தன. லீக்குக்கு 11 இடங்கள். ஆனால் காங்கிரசின் 63, பிரஜா சோஷலிஸ்டின் 20 ஆகியவற்றைச் சேர்த்தாலே 126 இடங்கள் கொண்ட சபையில் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. கூட்டுச் சேர்ந்து உழைத்த லீக்குக்கு மந்திரி பதவி ஒன்றுகூட இல்லை. சபாநாயகர் பதவி மட்டும் கே.எம். ஸீதி சாஹிபுக்கு வழங்கப்பட்டது. மேடையில் தோளோடு தோள் நின்றவர்களை மந்திரிசபையில் பக்கத்தில் அமர்த்தக் கூச்சம் வந்துவிட்டது.

1961 ஏப்ரலில் ஸீதி சாஹிப் மறைந்தார். அந்த இடத்துக்கு முப்பத்து மூன்று வயது கோயாவின் பெயர் முன்மொழியப்பட்டபோது, லீக் உறுப்பினர் பொறுப்பைத் துறந்தால்தான் ஆதரிப்போம் என்று காங்கிரஸ் நிபந்தனை விதித்தது. அவர் துறந்தார். ஜூன் 9ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். சபாநாயகர் கட்சிச் சார்பற்றவராக இருத்தல் நல்ல மரபு. அதனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மரபு எல்லாக் கட்சியாருக்கும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. தோழமைக் கட்சியின் ஆதரவுக்கே விலையாக அது கேட்கப்படும்போது, உன் வாக்குகள் வேண்டும், உன் பெயர் வேண்டாம் என்ற பொருளே தொனிக்கிறது. கோயா இணங்கியிருக்கக் கூடாது என்று கருதுவோர் அன்றும் இருந்தனர். எங்களுக்கோ, அவர் இணங்கியதைவிட ஐந்தே மாதங்களில் எழுந்து வந்தது பெரிதாகத் தோன்றுகிறது. நவம்பர் 10 அன்று அவர் பதவி விலகினார். லீக்கும் அந்தக் கூட்டணியிலிருந்து வெளியேறியது.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஒருபுறம் காங்கிரஸ், மறுபுறம் கம்யூனிஸ்ட். நடுவே எந்தப் பெரிய கட்சியின் துணையுமின்றி லீக். பண்டித நேரு லீக்கைச் செத்த குதிரை என்று வருணித்ததும், அது உறங்கும் சிங்கம் என்று கோயா பதிலடி தந்ததும் இன்றளவும் மலபாரில் வழங்கிவரும் செய்திகள். மஞ்சேரியில் காயிதே மில்லத் வென்றார். கோழிக்கோட்டில் கோயா மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பத்தாண்டுகளுக்கு முன் அதே நகரத்தின் தெருக்களில் நகர்மன்ற வாக்குக் கேட்டு நடந்தவருக்கு அந்த நடை அப்போது கைகொடுத்திருக்கும் என்று நாம் எண்ணுவது மிகையாகாது. அதே 1962இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்ற நம் லீக் வேட்பாளர்களில் ஒருவர்கூட வெல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1967இல் காட்சி மாறியது. இங்கே தி.மு.க. அணியில் லீக் மூன்று சட்டமன்ற இடங்களைப் பெற்றது. கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் கோயா கல்வியமைச்சரானார். முன்பு யாரை எதிர்த்து அணிசேர்ந்தாரோ அவர்களுடனேயே. கொள்கை முரண் என்று இதனைக் குறை கூறலாம். ஆயினும் உறுப்பினர் பொறுப்பைத் துறக்கும்படி இம்முறை எவரும் கேட்கவில்லை. 1968இல் மலபாரின் மண்ணில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் எழுந்தது. கல்லூரி வாசலைக் கண்டிராத குடும்பங்களின் பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதற்கு அவர் காட்டிய அக்கறையை மலபார் மக்கள் இன்றும் நன்றியோடு பேசுகின்றனர்.

1979 அக்டோபரில் அவர் முதலமைச்சராகவும் ஆனார். டிசம்பர் 1 வரை, ஏறத்தாழ ஐம்பது நாள்கள். 1983 செப்டம்பர் 28 அன்று ஹைதராபாத்தில் வஃபாத்தானபோது துணை முதலமைச்சராக இருந்தார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக.