பொத்தான் ஆலையில் பிறந்த பாட்டுப் பெட்டி

1890களின் நடுவில், அமெரிக்காவின் நியூவார்க் நகரில் பொத்தான் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்கு விசித்திரமான வேலை ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் எமில் பெர்லினர். ஜெர்மனியில் பிறந்து வாஷிங்டனில் குடியேறியவர். வட்டத் தகட்டில் குரலைப் பதிக்கும் கிராமபோனுக்கு 1887ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். அவருடைய தட்டுகள் கெட்டி ரப்பரில் செய்யப்பட்டவை. அங்கங்கே மேடு பள்ளம் விழுந்து ஊசி துள்ளியது, பாட்டு கெட்டது. பொத்தான்காரர்களோ அரக்குக் கலவையைச் சூடாக அச்சில் அழுத்தி, கல்போல் இறுகவைக்கும் வித்தையில் கைதேர்ந்தவர்கள். இந்தியக் காடுகளில் புரச மரக்கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரந்துவைக்கும் அதே அரக்குதான். அது அச்சில் விழுந்ததும் தட்டு பிழைத்துக்கொண்டது. ஆனால் தட்டைச் சுற்றுவதற்கு மனிதக் கை வேண்டியிருந்தது. கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்தது.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சங்கீதக்காரர் அல்ல, கேம்டன் நகரில் மெஷின் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன். பழுதுபார்ப்பும் சில்லறை வேலையுமாக ஓடிக்கொண்டிருந்த பட்டறை அது. 1896ல் அவர் செய்துகொடுத்த சுருள்வில் மோட்டாரைச் சாவி கொடுத்து விட்டால், தட்டு முடியும்வரை ஒரே வேகத்தில் சுற்றியது. இப்போது பெட்டிக்குப் பாடத் தெரிந்துவிட்டது. அடுத்ததாக, அது உலகம் பூராவும் பாட வேண்டும்.

பெர்லினரிடம் பியானோ வாசிக்கும் பையனாகச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க், 1902ல் லண்டனிலிருந்து ஒலிப்பதிவுக் கருவிகளோடு கப்பலேறினார். கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதித்தார். ஜப்பான், ஷாங்காய், ஹாங்காங் என்று சுற்றி 1903ல் சிங்கப்பூரில் இறங்கி மலாய்ப் பாடல்களைப் பதித்தார். ஆக, இந்தத் தீவின் குரல் அரக்குத் தட்டில் ஏறி நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் அந்தத் தட்டைக் கேட்க வேண்டுமானால், பெரிய பித்தளைக் குழாய் வைத்த பெட்டி இருக்கும் வசதியானவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பாட்டு ஊர் விட்டு ஊர் போயிற்று, பெட்டி மட்டும் கூடத்தை விட்டு நகரவில்லை.

அதை நகர்த்தியது ஒரு மூடி. லண்டனில் இசைக்கருவி வியாபாரம் செய்துவந்த பார்னெட் சாமுவேல் அண்ட் சன்ஸ் நிறுவனம், 1914ல் கைப்பிடி வைத்த பயணப்பெட்டி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திறந்தால் கிராமபோன். வெளியே குழாய் கிடையாது. மூடியின் உட்புறத்தில் கிண்ணம்போல் குழிவு இருந்தது, ஒலி அதில் மோதித் திரும்பி வெளியே வந்தது. சுற்றுலாப் போகிறவர்களும் படகுச் சவாரிக்காரர்களும் வாங்குவார்கள் என்பது கணக்கு. பெட்டிக்கு வைத்த பெயர் டெக்கா. அந்த ஆகஸ்டிலேயே உலகப் போர் மூண்டது. உல்லாசப் பயணம் போக ஆளில்லை.

வாங்குகிறவர்கள் மாறினார்கள். பதுங்குகுழிகளுக்குப் போன சிப்பாய்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சேற்றிலும் மழையிலும் கிடந்து அது பாடியது. உல்லாசத்துக்கென்று செய்த பொருள், மரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் துணையாகிப் பெயர் வாங்கியது. போர் முடிந்த பின்னும் வியாபாரம் செழித்தது. 1928ல் அந்த நிறுவனத்தின் பங்குகளை விற்றுக்கொடுக்க எட்வர்ட் லூயிஸ் என்ற இளம் பங்குத் தரகர் வந்தார். பெட்டியை மட்டும் விற்று, தட்டைப் பிறர் விற்கவிடுவது பாதி வியாபாரம்தான் என்பது அவருடைய வாதம். முதலாளிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1929ல் லூயிஸ் ஆட்களைத் திரட்டி அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற டெக்கா ரெக்கார்டு கம்பெனி, கைப்பெட்டி வியாபாரத்தில் மூண்ட பிணக்கில் பிறந்த பிள்ளை.

போட்டியாளர்களும் தூங்கவில்லை. எச்.எம்.வி. 1931ல் 102 என்ற கைப்பெட்டியை இறக்கியது. இன்றும் சேகரிப்போர் தேடி அலையும் பெட்டி அது. என் மதிப்பில், சாவி கொடுக்கும் கைப்பெட்டிகளில் அதன் குரலுக்கு இணை கிடையாது. அதே காலத்தில்தான் சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் கூட்டாளிகளும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் தட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டில் கிடைத்தார்கள். நாடகக் கொட்டகைக்குப் போக வழியில்லாத மலாயாத் தமிழர்களுக்குத் தட்டுதான் கொட்டகை. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

போர் அரக்கின் கழுத்தையும் நெரித்தது. இந்தியாவிலிருந்து அரக்கு ஏற்றிப் போகும் கடல்வழி ஆபத்தானது. வந்து சேர்ந்த அரக்கையும் ராணுவத் தளவாடங்கள் கேட்டன. அமெரிக்காவில் புதுத் தட்டுக்காகப் பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கினார்கள். 1943ல் தன் படைவீரர்களுக்குத் தட்டு அனுப்பத் தொடங்கிய அமெரிக்க ராணுவம், கப்பலில் போவதற்குள் அரக்குத் தட்டு நொறுங்குவதைப் பார்த்து வினைல் பக்கம் திரும்பியது. வளையும், எளிதில் உடையாது, இரைச்சலும் குறைவு. 1948ல் கொலம்பியா கம்பெனி வினைலில் எல்.பி. தட்டை வெளியிட்டது. அதோடு சாவிப் பெட்டியின் கதை முடியத் தொடங்கியது. அதன் ஊசித் தலை நூறு கிராமுக்கு மேல் பாரம் அழுத்தும், அந்தக் கனத்தில் வினைல் தட்டு உழுதுபோகும்.

புதிய தட்டுக்குச் சில கிராமே அழுத்தும் ஊசியும், அதன் முணுமுணுப்பைப் பெரிதாக்க மின்சாரமும் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் 1952ல் டான்செட் என்ற மின்சார பிளேயர் வந்தது. அமெரிக்காவில் 1955ல் பில்கோ நிறுவனம் டார்ச் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் பிளேயரைக் கொண்டுவந்தது. பெட்டி மறுபடி வீட்டை விட்டுக் கிளம்பியது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரின் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் பாடிவிட்டுப் போனபின், தீவெங்கும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. 1963ல் கிரெசெண்டோஸ், 1964ல் குவெஸ்ட்ஸ் என்று உள்ளூர்த் தட்டுகள் வந்தன. விருந்து நடக்கும் வீட்டில் ஒரு கைப்பெட்டி பாடியது. அப்புறம் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊமையாகத் தொடங்கின.

தட்டு சுற்றும், விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது. குற்றவாளி ஓர் உப்பு. பிரான்ஸின் லா ரோஷெல் நகரத்து மருந்துக்காரர் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் பேதி மருந்தாகத் தயாரித்த ரோஷெல் உப்பு அது. அதன் படிகத்தை நெளித்தால் மின்சாரம் சுரக்கும். தட்டின் வரியில் ஊசி ஆடும் ஆட்டத்தை மின்சாரமாக்க, மலிவான பிளேயர்கள் பல அதையே நம்பியிருந்தன. உப்பாயிற்றே, ஈரக்காற்றில் கசிந்து உருகும். ஆண்டு முழுக்க ஈரம் ஊறும் சிங்கப்பூரில் அது எத்தனை நாள் தாங்கும்? ‘செட் போய்விட்டது’ என்று வீட்டார் பரணில் போட்டார்கள். கேசட்டும், அதன்பின் சி.டி.யும் வந்ததும் பரணும் காலியானது. காராங்குனிக்காரர்கள் வாசலில் ஹாரன் அடித்துப் பழைய சாமான்களை வாங்கிப் போனார்கள்.

அவற்றில் பல சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே கரையொதுங்கின. 1930களிலிருந்து சுங்கை ரோட்டில் கூடிவந்த பழம்பொருள் சந்தை, நடைபாதையில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் விற்றது. ஊமைப் பெட்டியும் விலைபோனது. பொறுமையுள்ள சிலர் அதை வாங்கித் திறந்து பார்த்தார்கள். சோதனை எளிது. பேட்டரியைப் போட்டு, ஒலியைக் கூட்டி, ஊசி முனையை விரலால் லேசாகத் தீண்டுவது. ஸ்பீக்கரில் ‘டப்’ என்று வர வேண்டும். வராவிட்டால், ஊசித் தலைக்குப் போகும் கம்பியின் நுனியைத் தொடுவது. ‘ம்ம்’ என்று உறுமினால் ஆம்ப்ளிஃபையர் உயிரோடு இருக்கிறது, செத்தது உப்பு மட்டும். ஈரத்துக்கு அசையாத செராமிக் தலை ஒன்றைப் பொருத்திவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. பிசினாக உருகிய பெல்ட்டுக்கும் காய்ந்துபோன கெபாசிட்டருக்கும் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை, எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகங்களுக்குப் பேர்போன சிம் லிம் டவர் நடக்கிற தூரத்தில் இருந்தது. பழைய சாமானும் உதிரிபாகமும் கைக்கெட்டும் தொலைவில் அமைந்த அந்த அதிர்ஷ்டம் 2017 ஜூலை 10 வரை நீடித்தது. அன்று சுங்கை ரோடு சந்தை மூடப்பட்டது.

பெட்டி அத்தோடு ஒழிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வினைல் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் விற்று, சி.டி. அலையில் காணாமல் போன சவுண்ட் பர்கர் என்ற கையடக்க பிளேயரை, ஆடியோ-டெக்னிகா நிறுவனம் தன் 60ஆம் ஆண்டையொட்டி 2022ல் 7,000 மட்டும் மறுபடி செய்தது. அவை விற்றுத் தீர்ந்ததும், அடுத்த ஆண்டு நிரந்தர விற்பனைக்கே கொண்டுவந்தது. பிறந்தநாள் பரிசாகக் கைமாறும் செயற்கைத் தோல் போர்த்திய சூட்கேஸ் பிளேயர்கள் இன்று எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. அந்தக் கைப்பிடியும் மூடியும் 1914ன் சொத்து. தட்டின்மேல் ஓடும் சிவப்பு ஊசிக்குப் பின்னால் இருப்பது, கரைந்துபோன உப்பின் இடத்துக்கு வந்த அதே செராமிக் துண்டு. உலகெங்கும் மலிவு பிளேயர்களில் வரும் அந்தச் சின்னத் தலை தனியாகவும் கிடைக்கிறது, விலையும் சொற்பம். 1960களின் ஊமைப் பெட்டிகளுக்குப் பழுதுபார்ப்பவர்கள் இப்போது பொருத்துவது பெரும்பாலும் அதைத்தான்.